முன்னேற்பாடில்லாத வெள்ளி மாலை: திருகோணமலைக்குப் புதிதாக வந்த கிறிஸ்தவ நண்பர்களுக்கு ஒரு வழிகாட்டி

இடமாற்றம் பெற்றுத் திருகோணமலைக்கு வருகின்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பணிபுரிகின்றவர்கள் ஆகியோருள் பலர் வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். போகாமல் தங்கிவிட்டவர்களுக்கு நாலரை மணியளவில் ஓர் அழைப்பு வரும். “மச்சான், நீயும் ஊருக்குப் போகேல்லையே? எங்கயாவது வெளிக்கிடுவமே?” அந்த அழைப்புக்கு “ஓம்” என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு எங்கே போவது, என்ன செய்வது என்று தெரியாமல் அறை வாசலில் நிற்கின்ற கிறிஸ்தவ இளைஞருக்காகவும் யுவதிக்காகவும் இதை எழுதுகிறேன். மனச்சாட்சி நெளிகின்ற இடத்தில் போய் உட்கார அவர்கள் விரும்புவதில்லை. அதேவேளை, ஐந்து நாள் வேலைக்குப் பிறகு கிடைத்த ஒரே மாலையை முழுக்கச் செபக்கூட்டமாக்கிக்கொள்ளவும் அவர்களுக்கு மனமில்லை. மன்னாரிலிருந்து வேலைக்காக இங்கு வந்த புதிதில் நானும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றேன்.

முதலில், எத்தனை மணிக்குத் திரும்புவது?

திடீரென்று கிளம்புகின்ற மாலைகள் பெரும்பாலும் போன இடத்தால் கெடுவதில்லை. திரும்பும் நேரத்தைப் பேசாமல் விட்டதால் கெடுகின்றன. ஒருவர் எட்டரைக்குள் அறைக்கு வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு புறப்படுவார். மற்றவர் எட்டரைக்குத்தான் சாப்பிடவே உட்காரலாம் என்று எண்ணியிருப்பார். ஆகவே, தொலைபேசியை வைப்பதற்கு முன்பே முடியும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். இடத்தைப் பின்னர் முடிவு செய்யலாம்.

வாடகைக்கு அறை எடுத்திருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் படி இறங்கக் கூடாது. “அன்ரி, பத்து மணிக்குள்ள வந்திடுவன், கேற்றைப் பூட்டிப்போடாதேங்கோ” என்ற ஒரு வார்த்தை போதும். நான் வந்த முதல் மாதத்தில் அந்த வார்த்தையைச் சொல்லாமல் போய், நண்பன் வீட்டில் படம் பார்த்துவிட்டு நள்ளிரவு கடந்து திரும்பி, பூட்டிய கேற்றுக்கு முன்னால் மதகில் உட்கார்ந்திருந்தேன். தெருநாய்கள் குரைத்த குரைப்பில் அன்ரி தாமாகவே எழுந்து வந்து திறந்தார். அவர் ஏசவில்லை, மறுநாள் காலைத் தேநீரை மட்டும் ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டுப் போனார். அதற்கு ஏச்சே மேல்.

நண்பர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருந்தால், இது சிறிய நகரம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது நியாயமா என்று விவாதிக்கலாம். ஆனால் மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் மாலை எளிதாகப் போகும் என்பதே என் அனுபவம்.

இன்று எந்த வெள்ளி?

கிறிஸ்தவருக்கு எல்லா வெள்ளிக்கிழமைகளும் ஒன்றல்ல. புறப்படுவதற்கு முன் நாட்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாதித் திட்டம் அதிலேயே கிடைத்துவிடும்.

மாதத்தின் முதல் வெள்ளியாக இருந்தால், கத்தோலிக்க ஆலயங்களில் இயேசுவின் திரு இருதய பக்தியை ஒட்டிய பூசையும் நற்கருணை ஆராதனையும் நடைபெறுவது வழக்கம். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த புனித மார்கரீத் மரியா அலக்கோக் என்ற துறவியின் வழியாகப் பரவிய பக்தி இது. தொடர்ந்து 9 மாதங்கள் முதல் வெள்ளி கைக்கொள்ளும் வழக்கத்தை நம் பாட்டிமார் தவறவிட்டதில்லை. புனித மரியாள் பேராலயத்திலோ உங்கள் பங்கு ஆலயத்திலோ மாலைப் பூசை எத்தனை மணிக்கு என்பதை வியாழக்கிழமையே கேட்டு வைத்துக்கொண்டால், பூசை முடிந்து ஆலய முற்றத்தில் சந்தித்து அங்கிருந்தே வெளியே கிளம்பலாம். மட்டக்களப்பிலிருந்து வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: முன்னர் ஒன்றாக இருந்த மறைமாவட்டம் 2012இல் இரண்டாகப் பிரிந்துவிட்டதால், உங்கள் ஊர்ப் பங்கில் அறிவிக்கப்படும் இளையோர் நிகழ்ச்சிகள் இங்குள்ள அறிவிப்பில் இரா. இங்குள்ள அறிவிப்புப் பலகையை ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கைப்பேசிப் படமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தவக்கால வெள்ளியாக இருந்தால் நிலைமை வேறு. மாலையில் 14 நிலைகளைக் கொண்ட சிலுவைப்பாதை நடைபெறும். கத்தோலிக்கருக்கு அன்று சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பு. புரொட்டஸ்தாந்து சபைகளுள் ஒன்றான மெதடிஸ்த சபையைச் சேர்ந்த நண்பர் தவக்காலத்தை லெந்து காலம் என்பார். இறைச்சி பற்றிய இந்த ஒழுங்கு அவருடைய சபையில் கட்டாயமானதல்ல. இருவரும் ஒரே மேசையில் உட்காரும்போது யார் எதைக் கைக்கொள்கிறார் என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது, கொத்து ரொட்டி தட்டில் வந்த பிறகு முகம் சுளிப்பதைவிட நல்லது. பெரிய வெள்ளியன்று இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிடுங்கள். அன்று வெளியே சுற்றுவதற்கான நாளல்ல.

பௌத்தரின் போயா விடுமுறையான பௌர்ணமி வெள்ளியில் விழுந்தால் மதுக்கடைகளும் இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். மது விடயத்தில் தடுமாறுகின்ற நண்பரை அழைத்துச் செல்ல அதைவிட வசதியான நாள் கிடையாது.

இருட்டுவதற்கு முந்திய ஒரு மணிநேரம்

திருகோணமலையில் சூரியன் நவம்பரில் ஏறத்தாழ 5.45 மணிக்கும் ஜூலையில் ஏறத்தாழ 6.30 மணிக்கும் மறைகிறது. மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் நன்றாக இருட்டிவிடும். வேலை முடிந்து குளித்துவிட்டு ஐந்து மணிக்கு வெளிக்கிட்டவருக்கு வெளிச்சத்தில் கிடைப்பது ஒரே ஓர் இடம்தான். இரண்டு இடங்களுக்கு ஆசைப்பட்டால் இரண்டையும் முச்சக்கரவண்டிக்குள் இருந்தபடியே பார்க்க நேரிடும்.

புதிதாக வருகின்றவர்கள் செய்கின்ற வழக்கமான தவறு ஒன்று உண்டு. கடற்கரை என்றவுடன் டச்சுக்குடாவுக்கு ஓடிப்போய், சூரியன் கடலில் இறங்குவதைப் பார்ப்பதற்காகக் காத்திருப்பார்கள். டச்சுக்குடா கிழக்கைப் பார்த்த கரை. அங்கே சூரியன் முதுகுக்குப் பின்னால், நகரத்துக் கூரைகளுக்கு மேலாகத்தான் இறங்கும். அந்தியைப் பார்க்க வேண்டுமானால் உள்துறைமுக வீதிப் பக்கம் போக வேண்டும். குன்றுகள் சூழ்ந்த அந்த அமைதியான நீரில் கப்பல் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவதை நின்று பார்க்கலாம். டச்சுக்குடாவுக்கு உரிய நாள் பௌர்ணமி: சூரியன் மறையும் வேளையை ஒட்டி, எதிர்த்திசையில் கடலிலிருந்து நிலா எழும். கடலைக்காரரிடம் ஒரு சுருள் கடலை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தால் வேறு ஏற்பாடு எதுவும் தேவைப்படாது.

பிரெட்றிக் கோட்டைக்குள் நடப்பது மூன்றாவது தெரிவு. அங்கே புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. பொலித்தீன் பையோடு உணவை நீட்டாதீர்கள், பையையும் சேர்த்து விழுங்கிவிடும். கோட்டை இராணுவ முகாமாகவும் இருப்பதால் காவலர் சொல்லும் எல்லையைத் தாண்ட வேண்டாம். வாயிற் சுவரில் இரட்டைக் கயல் உருவமும் “முன்னே குளக்கோட்டன்” என்று தொடங்கும் கல்வெட்டும் இருக்கின்றன. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோவிலின் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டை எழுந்தது. அந்தக் கற்களுக்கு நடுவே நடக்கும் கிறிஸ்தவர் அந்தச் செய்தியை அறிந்துகொண்டு நடப்பது நல்லது. சிலுவையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தவர்கள்தான் அதைச் செய்தார்கள். வெள்ளி மாலையில் மேலே இன்றுள்ள கோணேசர் கோவிலுக்குப் போகும் சைவ அன்பர்கள் கூட்டமாக வருவார்கள். வழிவிட்டு, குரலைத் தாழ்த்தி நடந்தால் போதுமானது. நகருக்குள் பத்திரகாளி அம்பாள் கோவிலைச் சுற்றியும் அன்று நெரிசல் இருக்குமாதலால், அந்த வழியாகப் போகும் முச்சக்கரவண்டிக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வயிறு

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சைவ நண்பர் ஒருவர் உடன் வந்தால் அன்று அவர் மரக்கறிதான் உண்பார். சைவக்கடைக்குப் போய்விடுங்கள், தோசைக்கும் உழுந்து வடைக்கும் எந்த மதத்திலும் தடையில்லை. மற்றபடி முஸ்லிம் கடைகளில் இரவில் கொத்து ரொட்டி அடிக்கும் சத்தமே வழிகாட்டும். தவக்காலத்தில் கத்தோலிக்கர் கணவாய், இறால், மீன் என்று தாராளமாக உண்ணலாம் என்பது சட்டப்படி சரி. ஆனாலும், திருகோணமலையில் நண்டுக்கறியோடு சோற்றைப் பிசைந்துகொண்டு இதை ஒறுத்தல் என்று சொல்வதற்கு எனக்கு எப்போதும் சிறிது கூச்சம் வரும். கணக்கை யார் தீர்ப்பது என்பதை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். புதிதாக வேலைக்கு வந்த நண்பருக்கு முதற் சம்பளம் கைக்கு வரப் பல வாரங்கள் ஆகக்கூடும்.

‘கிறிஸ்தவப் பொழுதுபோக்கு’ என்றால் எது?

சாப்பாட்டுக்குப் பிறகு ஏழரைக்கும் பத்துக்கும் இடையிலான இரண்டரை மணிநேரம்தான் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி. அட்டையில் சிலுவை அச்சிடப்பட்டிருந்தால் அது கிறிஸ்தவப் பொழுதுபோக்கு, மற்றவையெல்லாம் உலகம் என்று பிரிக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அந்தப் பிரிவினை எனக்கு உதவியதில்லை. ஆர்வத்தோடு எடுத்து, அக்கறையின்றி முடித்த எத்தனையோ சமயப் படங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கிறேன். நான் வைத்திருக்கும் சோதனை இரண்டு கேள்விகளைக் கொண்டது. இதைப் பார்த்த, கேட்ட, விளையாடிய பிறகு நாம் இருவரும் அரைமணி நேரம் பேசுவதற்கு ஏதேனும் மிஞ்சுமா? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சந்திக்கும்போது அதைப் பற்றி ஒருவருக்கொருவர் கண்ணைப் பார்த்துக் கதைக்க முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் நான் வேறொன்றும் கேட்பதில்லை.

படம் பார்ப்பதே பெரும்பாலானோரின் முதல் தெரிவு. ஆகவே அதை எப்படித் தெரிவது என்று சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் நீளத்தைப் பாருங்கள். 1959இல் வெளியான “பென்ஹர்” 212 நிமிடங்கள் ஓடுவது. எட்டு மணிக்குத் தொடங்கினால் தேரோட்டப் பந்தயம் வருவதற்குள் உங்கள் வீட்டுக் கேற் பூட்டப்பட்டுவிடும். அதை விடுமுறை நாளின் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, அன்றைய மனநிலையைப் பாருங்கள். 2004இல் வந்த “த பாஷன் ஒஃப் த கிறைஸ்ற்” இரண்டு மணிநேரத்துக்குச் சற்று அதிகந்தான். ஆனால் அரமேயம், எபிரேயம், இலத்தீன் ஆகிய மொழிகளிலேயே பேசப்படுவதால் மொழிபெயர்ப்பு வரிகளை விடாமல் வாசிக்க வேண்டும், அடிக்கும் காட்சிகளும் நீண்டவை. வாரம் முழுவதும் களைத்து, வயிறு நிறையக் கொத்து உண்டுவிட்டு வந்தவர்களுக்கு உரிய படமல்ல அது. தவக்காலத்தில், மனம் ஆயத்தமாக இருக்கும் மாலையில் பார்க்கலாம். லூக்கா நற்செய்தியை ஒட்டி 1979இல் எடுக்கப்பட்ட “ஜீசஸ்” படத்துக்குத் தமிழ்க் குரல் உண்டு; வீட்டுக்காரர்களையும் உட்கார்த்தி வைத்துப் பார்க்க ஏற்றது.

என்னைக் கேட்டால், புதிதாகப் பழகுகின்ற இரு நண்பர்களுக்கு நான் சொல்வது 1981இல் வந்த “சாரியட்ஸ் ஒஃப் ஃபயர்”. இரண்டு மணிநேரத்தில் முடிந்துவிடும். மிஷனரிப் பெற்றோருக்குச் சீனாவில் பிறந்த எரிக் லிடெல் என்ற ஸ்கொட்லாந்து ஓட்டவீரர், 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமையில் ஓட மறுத்து 100 மீற்றரை விட்டுக்கொடுத்ததும், பின்னர் 400 மீற்றரில் தங்கம் வென்றதும் அதில் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரத்தியேக வகுப்பு வைப்பது சரியா என்று நானும் என் மெதடிஸ்த நண்பரும் அந்தப் படத்தைப் பார்த்த இரவில் தொடங்கிய தர்க்கம் இன்னும் முடியவில்லை.

பாட்டு இரண்டாவது தெரிவு, செலவில்லாதது. கிற்றார் வாசிக்கும் ஒருவர் எந்தப் பங்கிலும் இருப்பார். கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு சிக்கல் எழும்: இருவருக்கும் தெரிந்த பாடல்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கத்தோலிக்கர் திருப்பலிப் பாடல்களில் ஊறியவர்கள். மெதடிஸ்தர் பாமாலை என்ற பாட்டுப் புத்தகத்திலும், தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) காலத்திலிருந்து வருகின்ற கீர்த்தனைகளிலும் வளர்ந்தவர்கள். கர்நாடக இராகத்தில் அமைந்த ஒரு கீர்த்தனையைக் கிற்றாரில் பிடிக்க முயன்று தோற்றுப்போவதும் ஒரு நல்ல பொழுதுபோக்குத்தான். கரோல் பாடல்களில் இருவருக்கும் பொதுவானவை நிறைய உண்டு. ஆடி மாதத்தில் கரோல் பாடினால் அயலவர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒலிபெருக்கியைக் கடற்கரைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். நம் பாட்டு நமக்குப் பக்தி, பக்கத்தில் இருப்பவருக்கு இரைச்சல்.

மேடைக் கலையை விரும்புகின்றவர்கள் தவக்காலத்துக்காகக் காத்திருக்கலாம். நான் மன்னாரில் விடிய விடிய வாசாப்பு என்ற கத்தோலிக்க நாட்டுக்கூத்துப் பார்த்து, பாயில் உறங்கி, இராசா வரும்போது எழுப்பப்பட்டு வளர்ந்தவன். யாழ்ப்பாணத்தில் 1965இல் நீ. மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், இயேசுவின் திருப்பாடுகளைப் பெரிய மேடைக்குக் கொண்டுவந்து பேர்பெற்றது. பங்குகளில் இளையோர் நடிக்கும் திருப்பாடுகளின் காட்சிக்கான ஒத்திகைகள் மாலை வேளைகளில்தான் நடக்கும். பார்வையாளராகப் போகாதீர்கள், யூதக் கூட்டத்தில் நின்று கத்துவதற்கு எப்போதும் ஆள் போதாது. புதிய ஊரில் ஒரே மாலையில் பத்துப் பேரின் பெயர் தெரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான வழியை நான் கண்டதில்லை.

விளையாட்டுப் பக்கம் கரம் பலகை எங்கும் கிடைக்கும். நான்கு பேர் சேர்ந்தால் 304 என்ற சீட்டாட்டம் விளையாடலாம். ஆனால் சீட்டுக்கட்டைக் கண்டாலே முகம் மாறுகின்ற மூத்தவர்கள் சில வீடுகளில் உண்டு. அந்த வீட்டில் கரம்.

உப்புவெளிப் பக்கம் போவதானால்

நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 5 கிலோமீற்றரில் உள்ள உப்புவெளிக்கு, மே முதல் செப்ரெம்பர் வரையான பருவத்தில் வெளிநாட்டவர் நிறைய வருவார்கள். கரையோர விடுதிகளில் பாட்டும் மதுவும் இருக்கும். அங்கே போவது பாவமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொன்னது, இஞ்சிச் சோடா கேட்டால் அதையும் கொண்டுவந்து தருவார்கள் என்பதுதான். ஆனால் குடியை விட்டுவிட முயல்கின்ற நண்பரை அங்கே அழைத்துப்போய், “நீ குடிக்காட்டிப் பரவாயில்லை, சும்மா இரு” என்று சொல்வது நட்பாகாது. மது அருந்தியவர் ஓட்டும் மோட்டார்ச் சைக்கிளின் பின்னால் ஏறுவதில்லை என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இருட்டிய பின் கடலில் இறங்காதீர்கள். நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது, கரையில் உதவிக்கு ஆளும் இரார். மணலில் நடக்கும்போது தோணிகளின் கயிறுகளையும் உலரவிட்ட வலைகளையும் மிதிக்காமல் ஒதுங்கி நடக்க வேண்டும். அவை ஒருவருடைய மறுநாள் உழைப்பு. நேரத்தோடு போகிறவர்கள், வழியில் நிலாவெளி வீதியோரத்தில் உள்ள போர் மயானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே சற்று நின்றுவிட்டுப் போகலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் வரிசைகளில் பெரும்பாலான கற்களில் சிலுவையும் வயதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இருபது, இருபத்தொன்று, பத்தொன்பது.

திரும்பும் வழியும் மழையும்

உப்புவெளியிலிருந்து நகருக்குப் பகலில் ஓடுவது போலப் பேருந்துகள் இரவில் ஓடுவதில்லை. முச்சக்கரவண்டியில் ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். போகும்போது நல்லவராகத் தெரிந்த சாரதியின் தொலைபேசி எண்ணை அப்போதே வாங்கி வைத்து, எத்தனை மணிக்கு எங்கே நிற்பீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள். பெண்கள் இருவராகப் போனால் வண்டி இலக்கத்தைப் படம் எடுத்து மூன்றாவது தோழிக்கு அனுப்பிவைப்பது வழக்கமாகிவிட்டது. எந்தச் சாரதியும் அதற்குக் கோபிப்பதை நான் கண்டதில்லை.

ஐப்பசியிலிருந்து தை வரையில் வடகீழ்ப் பருவமழை இந்தக் கரையை விடாது. அந்த மாதங்களில் மேலே சொன்ன கடற்கரை, கோட்டை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஓர் அறையில் கூடுகின்ற திட்டத்தையே முதற் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் கரோல் ஒத்திகைகளுக்குக் குரல் கேட்டு ஆள் அனுப்புவார்கள். உங்களுக்குப் பாட வராது என்றாலும் குடை பிடிக்கவும், விளக்குத் தூக்கவும், வீடு வீடாகக் கிடைக்கின்ற கேக்கைச் சுமக்கவும் ஆள் வேண்டும். மின்சாரம் நின்றுவிட்டால் பார்த்துக்கொண்டிருந்த படம் பாதியில் நிற்கும். ஆகவே மெழுகுதிரியும் கரம் பலகையும் ஒரே மூலையில் இருக்கட்டும், அன்ரிக்கும் ஒரு கதிரை போட்டு வையுங்கள். என் அன்ரி இருட்டில்தான் சிவப்புக் காயைக் குறிதவறாமல் அடிப்பார்.